முந்தானை ஆண்டனா

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு நாள் மெட்ராஸ் முழுக்கக் கேட்கும்படி வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். திட்டம் போட்டுப் பேசவில்லை. கையில் ஒரு போனைக் கொடுத்து, அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்துக் கேட்க ஒருத்தியையும் வைத்தால் யாருக்குத்தான் வாய் நிற்கும்? அதோடு எனக்கு ஒரு தைரியமும் இருந்தது. நான் பேசியது சங்கு எஃப்.எம்.மில். அந்த ஸ்டேஷன் காஞ்சிபுரத்தில் எடுக்காது. அதிலும் எங்கள் வீட்டில் எடுக்கவே எடுக்காது. இதற்கு என் வீட்டுக்காரர் வீரபத்திரனே சாட்சி. ஒரு வருஷமாக அதை எடுக்க வைக்கத்தான் மனுஷன் உயிரை விட்டுக்கொண்டிருந்தார்.

அவர் ஜக்கார்டு அட்டை அடிப்பவர். கட்டம் போட்ட தாளில் வரைந்திருக்கும் மயிலையும் மாங்காயையும் பார்த்துப் பார்த்து, தறிக்கு மேலே தொங்கும் அட்டைகளில் ஓட்டை போட வேண்டும். ஓட்டை சரியான இடத்தில் விழுந்தால் புடவைக் கரையில் மயில் வரும். ஒன்று தப்பினால் மயில் கோழியாகிவிடும். பதினைந்து வருஷம் இப்படி ஓட்டை போட்டதில், உலகத்தில் எந்தக் கோளாறும் சரியான இடத்தைக் கண்டுபிடித்தால் தீர்ந்துவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. போன வருஷம் வேலையாக மெட்ராஸ் போனவர் ஒரு டீக்கடையில் எஃப்.எம். கேட்டுவிட்டு, அன்று சாயங்காலமே ஒரு ரேடியோவோடு வந்து இறங்கினார்.

“பக்கத்துல உக்காந்துக்கினு நம்மகிட்டயே பேசற மாதிரி இருக்குது அம்சா. கேட்டுப் பாரு!” என்று முள்ளைத் திருப்பினார்.

உஷ்ஷ்ஷ் என்றது. பக்கத்து வீட்டில் யாரோ அப்பளம் பொரிப்பது போல. அந்த இரைச்சலுக்குள்ளே அரை வார்த்தை வந்தால் போதும், என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து குதிப்பார். “வந்துச்சு பாத்தியா! ‘ணக்கம்’னாங்க! வணக்கம்!” அதோடு சரி, மறுபடியும் அப்பளம்தான்.

மொட்டை மாடியில் ஒரு கம்பம் நட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மாடியில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் திருஞானசம்பந்தம் ஐயா ஒரேயடியாக மறுத்துவிட்டார். “கம்பம் நட்டா கோயில் கொரங்கெல்லாம் வந்து ஊஞ்சல் ஆடும்பா. ரெண்டு டிவி ஆண்டனாவை ஒடிச்சுட்டுப் போச்சு. எது பண்றதா இருந்தாலும் வீட்டுக்குள்ளயே பண்ணிக்க.” அவர் போகிற போக்கில் சொன்ன ‘வீட்டுக்குள்ளயே பண்ணிக்க’ என்ற வார்த்தைக்காக நான் பட்ட பாடு அவருக்குத் தெரியாது. துணி காயப்போடும் கம்பிக் கொடி ரேடியோவுக்குப் போயிற்று. இட்லித் தட்டு சுவரில் ஏறிற்று. குடைத் துணியைக் கிழித்துவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார். இரும்பு பீரோ அலையைத் தடுக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். அதை நகர்த்தி நகர்த்தி, கடைசியில் சமையல்கட்டு வாசலில் பாதியை மறைத்து நிறுத்திவிட்டார். நான் ஒரு மாதம் பக்கவாட்டில் நுழைந்துதான் சமைத்தேன்.

இந்த நிலைமையில்தான் வைகாசியில் தங்கச்சி மகனுக்குக் காது குத்த சைதாப்பேட்டை போனேன். அங்கே ரேடியோவைத் தொட்டாலே சங்கு எஃப்.எம். கொட்டியது. ஆண்டனாவை இழுத்து நீட்டக்கூட வேண்டாம். இதற்காகவா என் இட்லித் தட்டு போயிற்று என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து ரேடியோவில் ஒருத்தி, ‘வீட்டுக்காரர் புராணம்’ என்ற நிகழ்ச்சிக்குப் போன் பண்ணி உங்கள் வீட்டுக்காரரின் பைத்தியக்காரத்தனத்தைச் சொல்லுங்கள் என்றாள். தங்கச்சி சிரித்துக்கொண்டே நம்பரைப் போட்டு என் காதில் வைத்துவிட்டாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கொடி, தட்டு, குடை, பீரோ, ஒன்று விடவில்லை. அந்தப் பக்கம் பிரவீனா என்ற அந்தப் பெண் சிரிக்கச் சிரிக்க எனக்கு ஊக்கம் கூடிக்கொண்டே போயிற்று. சொல்லக்கூடாத ஒன்றையும் சொன்னேன். அவருடைய தலைமுடியைப் பற்றி. வீரபத்திரன் எதைச் சொன்னாலும் தாங்குவார், தலைமுடியைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. கல்யாணமான இந்த ஒன்பது வருஷத்தில் நான் அந்தப் பக்கமே போனதில்லை. அன்றைக்குப் போனேன். கடைசியில் அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். அதற்கும் நான் ஒரு பதில் சொன்னேன். அது திட்டு இல்லை. ஆனால் திட்டைவிட அதை நினைத்தால்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏனென்றால் அப்படி ஒன்றை நான் அவர் முகத்துக்கு நேரே சொன்னதே இல்லை.

“சூப்பர்க்கா! சண்டே பதினோரு மணிக்குப் போடறோம், மறக்காம கேளுங்க!”

“எங்க ஊர்ல எங்கம்மா எடுக்குது?” என்று சிரித்தபடி போனை வைத்தேன்.

எங்கள் பெண் லீவுக்குச் சித்தியிடமே இருந்துவிட்டாள். நான் மட்டும் சனிக்கிழமை மத்தியானம் காஞ்சிபுரம் வந்து இறங்கினேன். வாசலிலேயே வீட்டுக்காரர் பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத்தான் இவ்வளவு சந்தோஷமோ என்று ஒரு நிமிஷம் ஏமாந்துபோனேன்.

“அம்சா, நாளைக்கு சங்கு எஃப்.எம். எடுத்துரும்! யேசுதாஸ் கணக்கு போட்டுக் குடுத்துட்டாரு.”

யேசுதாஸ் ரங்கசாமி குளத்துப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். விஷயம் தெரிந்தவர். தட்டும் குடையும் வைத்து என்ன பயன், அஞ்சடி செம்புக் கம்பி எடு, நடுவில் வெட்டி இந்தப் பக்கம் ரெண்டரை அடி, அந்தப் பக்கம் ரெண்டரை அடி சுவரில் நீட்டி ஒட்டு, நடுவிலிருந்து ஒரு ஒயரை ரேடியோவுக்கு இறக்கு, கம்பியின் நீளப் பக்கம் மெட்ராஸைப் பார்த்து இருக்கட்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். இது குடை மாதிரி இல்லை. இது வேலை செய்கிற மாதிரித் தெரிந்தது.

“கம்பி வாங்கிட்டீங்களா?” என்றேன், சாதாரணமாகக் கேட்பது போல.

“அவர்கிட்ட தீந்து போச்சு. நாளைக்கு ஞாயித்துக்கெழமை, சர்ச்சுக்குப் போயிடுவாரு, கடை கெடையாது. திங்கக்கெழமை வான்றாரு.”

என் உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. “திங்கக்கெழமை வரைக்கும் எவன் காத்துக்கினு இருப்பான்? நாளைக்கு பதினோரு மணிக்கு ஏதோ சிரிப்பு நிகழ்ச்சியாம், அக்காவையும் சம்பந்தம் ஐயாவையும் கேக்க வரச் சொல்லிட்டேன். நான் யேசுதாஸைக் கேட்டேன், செம்பு ஒசத்தியா வெள்ளி ஒசத்தியான்னு. கரண்டை இழுக்கறதுல வெள்ளிதான் ஒசத்தியாம்! ‘ஆனா வெள்ளியில எவன்யா ஆண்டனா போடுவான்?’னாரு. நான் சொன்னேன், ‘காஞ்சிபுரத்துல போடுவோம்யா!’”

ஜரிகை. வெள்ளி இழை சுற்றி, மேலே தங்க முலாம் பூசிய நூல். ஊர் முழுக்க அதுதான் ஓடுகிறது. செம்புக் கம்பி கிடைக்கவில்லை என்று வெள்ளிக்குத் தாவுகிற புத்தி எங்கள் ஊர்க்காரருக்குத்தான் வரும்.

“பீரோவுல ஜரிகைக் கட்டை இருக்குது இல்ல? எடு.”

பீரோவில் இரண்டு கட்டை இருந்தது. ஒன்று சுத்த ஜரிகை, அவர் எப்போதோ மாதிரிக்கென்று வாங்கி வைத்தது. இன்னொன்று எங்கள் பெண்ணின் பள்ளிக்கூட நாடகத்துக்குக் கிரீடம் தைக்க நான் வாங்கியது. அது வெறும் பிளாஸ்டிக். ஆனால் மினுமினுப்பில் சுத்த ஜரிகைக்கே பாடம் எடுக்கும். நான் எதை எடுத்துக்கொடுத்தேன் என்று சொல்லவும் வேண்டுமா?

வாங்கிய கையோடு சுவரில் ஒட்ட ஆரம்பித்துவிட்டார். ஜரிகையிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன், அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு பதிவிரதை மாதிரி நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ரேடியோவைப் போட்டார். உஷ்ஷ்ஷ். எட்டு மணிக்கும் அதேதான். சுவரில் ஜரிகை மட்டும் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. மனுஷன் முகம் வாடிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் பதினோரு மணிக்கு நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? இவர் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. அக்கம்பக்கத்தில் யாரிடமாவது போய் ஐந்தடி கம்பி வாங்கிவிட்டால் என் கதி என்ன? ஆளையே வீட்டைவிட்டுக் கிளப்பிக்கொண்டு போய்விடுவதுதான் நல்லது என்று பட்டது. நல்லவேளை, அன்று அடுத்த தெருவில் ஒரு கல்யாணம் இருந்தது.

“ஏங்க, முகூர்த்தத்துக்குப் போவலன்னா நல்லா இருக்காது. கெளம்புங்க” என்றேன். அவர் நம்ப வேண்டும் என்பதற்காக, வைகாசி வெயிலில் என் கல்யாணப் பட்டுப்புடவையையே எடுத்துக் கட்டிக்கொண்டேன். அம்மா எடுத்துக்கொடுத்த அரக்குப் பட்டு, முழங்கை அகலத்துக்குக் கரை, முந்தானை முழுக்க ஜரிகை. பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் அவருடைய அக்கா, என் நாத்தனார் கிருஷ்ணவேணி, என் கல்யாணத்தன்றே அந்த முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, “இன்னா ஜரிகையோ! ரெண்டு வருஷத்துல கறுத்துடும்” என்று சொன்னவள். ஒன்பது வருஷமாகக் கறுக்கவில்லை. ஒன்பது வருஷமாக அவளும் விடவில்லை.

கல்யாண மண்டபத்தில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். மணி பத்தேகாலுக்கே அவர் எழுந்திருக்கப் பார்த்தார். பரிமாறுகிறவரிடம் கண்ணைக் காட்டி, அவர் இலையில் மூன்று முறை பாயசம் ஊற்ற வைத்தேன். மூன்றையும் மோர் குடிப்பது போல மடமடவென்று குடித்துவிட்டு எழுந்துவிட்டார். நான் ஓடிப்போய் வாசலில் கிடந்த அவருடைய செருப்பில் ஒன்றை எடுத்துக் கைப்பையில் திணித்துக்கொண்டேன். செருப்பைத் தேடினால் அரை மணி நேரம் போகும், அதற்குள் மணி பதினொன்றரை ஆகிவிடும் என்பது என் கணக்கு.

அவர் தேடவே இல்லை. “செருப்பு போனா போவுது!” என்று ஒற்றைச் செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு, கொதிக்கும் தார் ரோட்டில் குதித்துக் குதித்து வீட்டுக்கு ஓடினார். அவர் பின்னால் ஏழு கிலோ பாரத்தில் பட்டுப்புடவையோடு நானும் ஓடினேன். தெருவில் எதிரே வந்தவர்கள், ஏதோ வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வழிவிட்டார்கள்.

வீட்டில் எங்களுக்கு முன்பே கூட்டம் தயாராக இருந்தது. நாத்தனார் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். சம்பந்தம் ஐயா விசிறியோடு வந்திருந்தார். மணி பத்து ஐம்பது. என் வீட்டுக்காரர் ரேடியோவைப் போட்டார்.

உஷ்ஷ்ஷ்.

“அப்பளம் நல்லா பொரியுது வீரா” என்றாள் நாத்தனார்.

அவர் முள்ளைத் திருப்பினார். சுவரில் ஜரிகையை நீவினார். ரேடியோவைத் தட்டினார். உஷ்ஷ்ஷ் என்பதைத் தவிர ஒன்றுமில்லை. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவரலாம் என்று ரேடியோ வைத்திருந்த மேஜையைத் தாண்டிப் போனேன். என் முந்தானை சரிந்து ரேடியோவின் ஆண்டனாக் கம்பி மேல் விழுந்தது.

“...கு எஃப்.எம்.! சிரிங்க சிரிங்க சிரிச்சுக்கினே இருங்க!”

கூடத்தின் நடுவில் ஒருத்தி வந்து நின்று பேசியது போல இருந்தது. சம்பந்தம் ஐயாவின் கையிலிருந்து விசிறி விழுந்தது. நான் நெருப்பைத் தொட்டவள் போல முந்தானையை இழுத்துக்கொண்டேன். உஷ்ஷ்ஷ்.

“அம்சா!” என்று கத்தினார் என் வீட்டுக்காரர். “இன்னா பண்ண நீ இப்போ?”

“நான் ஒண்ணும் பண்ணலைங்க!”

“திரும்ப அங்க வா. வா, வா, கிட்ட வா. முந்தானையை அது மேல போடு.”

போட்டேன். பாட்டு வந்தது. எடுத்தேன். அப்பளம் பொரிந்தது. மறுபடி போட்டேன். பாட்டு, தபேலா, பின்னால் யாரோ சலங்கை குலுக்குவதுகூடக் கேட்டது. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்கள் பெண் பிறந்தபோதுகூட அந்த மனுஷன் அப்படிப் பார்க்கவில்லை.

“அக்கா! பொடவை எடுக்குதுக்கா! பொடவை!”

“ஒரிஜினல் ஜரிகைம்மா அது” என்றார் சம்பந்தம் ஐயா. “ரேடியோவே சொல்லுது.” நான் அந்த இக்கட்டிலும் நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்குப் பொறி தட்டியது. “பொடவை ஜரிகை எடுக்குது. செவுத்து ஜரிகை ஏன் எடுக்கலை?” நேராகப் போய் சுவரிலிருந்து ஓர் இழையைப் பிய்த்து, தீக்குச்சியைக் கிழித்து அந்த நெருப்பில் காட்டினார். சுத்த ஜரிகை என்றால் வெள்ளி மிஞ்ச வேண்டும். இது சுருண்டு, உருகி, பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “இது பாப்பா கிரீடத்து ஜரிகை ஆச்சே. நீதானே எடுத்துக் குடுத்த?”

பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் கக்கத்தில் இருந்த கைப்பை நழுவி விழுந்து, அதிலிருந்து அவருடைய செருப்பு உருண்டு வெளியே வந்தது. நான்கு பேரும் அந்தச் செருப்பைப் பார்த்தோம்.

மணி பதினொன்று அடித்தது.

“அப்புறம் பேசிக்கலாம்!” என்றார் அவர். செருப்பாவது ஜரிகையாவது! “அம்சா, மெட்ராஸ் அந்தப் பக்கம். மெட்ராஸைப் பாத்து நில்லு. முந்தானையை அகலமா விரி. ரெண்டு கையாலயும் புடி. இன்னும் மேல. எடது கையை எறக்கு. ஆ, அப்டியே! மூச்சு மட்டும் விட்டுக்க, வேற ஒண்ணும் பண்ணாத.”

துணிக்குப் போடும் கிளிப்பால் முந்தானை ஓரத்தை ஆண்டனாக் கம்பியோடு சேர்த்துக் கடிக்க வைத்தார். நான் இரண்டு கையையும் விரித்து, கூடத்தின் நடுவில் நின்றேன். “கருட சேவையில கருடன் நிக்கற மாதிரியே இருக்குதுடி!” என்று நாத்தனார் சிரித்தாள்.

நான் நினைத்திருந்தால் அப்போதே முந்தானையைக் கீழே விட்டிருக்கலாம். கை வலிக்குது, தலை சுத்துது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் தரையில் சம்மணம் போட்டு, ரேடியோவுக்கு நேராக உட்கார்ந்துகொண்டு, பொசுங்கிய உள்ளங்காலைத் தேய்த்தபடி என்னை அண்ணாந்து பார்த்தார். ஒரு வருஷ ஆசை அந்த முகத்தில் இருந்தது. அதைப் பார்த்தபின் கையை இறக்க எனக்கு மனசு வரவில்லை. வேறு யாராவது பேசியது முதலில் வரட்டும் பிள்ளையாரே, என்னுடையதை அவர்கள் தொலைத்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

“ஹலோ ஹலோ ஹலோ! இது சங்கு எஃப்.எம்.மின் வீட்டுக்காரர் புராணம்! நான் உங்க பிரவீனா! இன்னிக்கு ஃபர்ஸ்ட் நம்மகூட பேசறது, காஞ்சிபுரத்துலருந்து அம்சவேணி அக்கா!”

மூன்று தலைகள் என் பக்கம் திரும்பின. நான் முந்தானையை விட்டேன். உஷ்ஷ்ஷ்.

“ஏய், விடாத! புடி!” என்று அலறினார் என் வீட்டுக்காரர்.

“வேணாங்க. அதுல பேசறது நான்...”

“யாரா இருந்தா இன்னா! புடி அம்சா, பொன்னான நேரம் போவுது!”

பிடித்தேன். என் குரல் வந்தது. கூடத்தில் நின்று நானே கேட்கும்படி, ரேடியோவுக்குள்ளிருந்து நான் பேசினேன்.

“...ஈரத் துணியை வாசல்ல கையில புடிச்சுக்கினு நிக்கறேம்மா, கொடி ரேடியோவுக்குப் போயிட்ச்சு! இட்லித் தட்டைக் கேட்டா ஸ்டேஷன் எடுக்கட்டும்ன்றாரு! அவரு என்னைப் பாத்து சிரிச்சதைவிட அந்த முள்ளைப் பாத்து சிரிச்சதுதாம்மா ஜாஸ்தி!”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சம்பந்தம் ஐயா மரியாதைக்குக் கூரையைப் பார்த்தார். எனக்கு அடுத்து வரப்போவது தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன்.

“தலையில இருக்கறதே நாலு முடிம்மா. அதுவும் ஆண்டனா மாதிரி மெட்ராஸைப் பாத்துக்கினேதான் நிக்குது!”

ரேடியோவில் பிரவீனா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் கை மெதுவாக எழுந்து தலைக்குப் போயிற்று. அந்த நாலு முடியைத் தொட்டுப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று சரிபார்த்தார் என்றே நினைக்கிறேன். பிறகு அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

“எவ்ளோ கிளியரா கேக்குது பாத்தியாக்கா! ஒரு எரைச்சல் இல்ல! நாலு முடின்னது நாலு முடியாவே கேக்குது!”

அவ்வளவுதான், சம்பந்தம் ஐயா வெடித்துவிட்டார். நாத்தனார் நாற்காலியிலிருந்து சரிந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ராத்திரி பகலாகப் பயந்து, ஜரிகையை மாற்றி, செருப்பைத் திருடி, தார் ரோட்டில் ஓடி, எல்லாம் இதற்குத்தானா? “யோவ், நான் உன்னைத் திட்டினது காதுல வுழலையா?” என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவரை ‘யோவ்’ என்றேன்.

“வுழுந்துச்சு, வுழுந்துச்சு! தெளிவா வுழுந்துச்சு! கையை எறக்காத!”

அதற்குமேல் என்னாலும் முடியவில்லை. கையை விரித்து நின்றபடியே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பட்டுப்புடவை நனைய வேர்த்துக்கொட்டுகிறது, கை கடுக்கிறது, நான் சிரிக்க ரேடியோவும் சேர்ந்து விக்கி விக்கிச் சிரிக்கிறது. அதற்குள் பிரவீனாவின் குரல் மேலே எழும்பியது.

“அக்கா, கடைசியா ஒரே ஒரு கேள்வி! இப்போ எக்ஸ்சேஞ்ச் மேளா நடக்குது. பழைய வீட்டுக்காரரைக் குடுத்துட்டு புதுசா ஒருத்தரை எடுத்துக்கலாம். ஆண்டனா இல்லாத ஆளு. மாத்திப்பீங்களா?”

“ஐயோ, கேளு கேளு!” என்று நாத்தனார் சிரித்துக்கொண்டே என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். கிளிப் தெறித்தது. முந்தானை சரிந்தது.

உஷ்ஷ்ஷ்.

நான் தாவிப் பிடித்தேன். அவர் கிளிப்பைத் தேடினார். நாத்தனாரே பதறிப்போய் முந்தானையை எடுத்துக் கம்பியில் சுற்றினாள். மறுபடி எடுத்தபோது ஏதோ ஒரு நகைக்கடையின் ஆடித் தள்ளுபடி பற்றி ஒருவன் பாடிக்கொண்டிருந்தான். வைகாசியிலேயே.

சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. என் வீட்டுக்காரர் தரையிலிருந்து எழுந்து என் முன்னால் வந்து நின்றார். கொடியைச் சொன்னபோதும், தட்டைச் சொன்னபோதும், முடியைச் சொன்னபோதும் வாடாத முகம் இப்போது வாடியிருந்தது.

“மாத்திப்பேன்னா சொன்ன?” என்று கேட்டார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

மெட்ராஸ் முழுக்கக் கேட்டுவிட்டது. சைதாப்பேட்டையில் டீக்கடையில் நின்றவன்கூடக் கேட்டிருப்பான். இந்த ஒரு மனுஷன் காதில் மட்டும் விழவில்லை. யாரோ முகம் தெரியாத பெண்ணிடம் போனில் சட்டென்று வந்த வார்த்தை, இப்போது அவர் முகத்துக்கு நேரே வர மறுத்தது. நாத்தனார் ஜன்னலைப் பார்த்தாள். சம்பந்தம் ஐயா விசிறியைப் பொறுக்கிக்கொண்டு, போவதா இருப்பதா என்று தெரியாமல் இருமினார். ஆனால் போகவில்லை.

“வேணாம்மான்னு சொன்னேன்” என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். “எனக்கு வேற ஸ்டேஷன் எடுக்காதும்மா. இந்த ஒரு ஸ்டேஷன்தான் எடுக்குது. எரைச்சலா இருந்தாலும் அதுதான் வேணும்னு சொன்னேன்.”

ரேடியோ தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது, ஒரு துளி இரைச்சல் இல்லாமல். ஒரு வருஷமாக அவர் தவம் கிடந்த பாட்டு. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, தடவி, ரேடியோவை அணைத்தார். நான் இன்னும் முந்தானையை விரித்துப் பிடித்தபடியே நின்றிருந்தேன்.

“இன்னொரு தபா சொல்லு” என்றார். “சரியா எடுக்கலை.”